மழலையர் பேணும் பணி

மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ் இலக்கியம்

'நர்சரி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று சிறு குழந்தைகளை வளர்க்கும் இடம், மற்றொன்று நாற்றங்கால். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து உழவர் ஒருவரிடம் நாற்றங்காலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விதை நேர்த்தி, தண்ணீர் வடித்தல், பறவை ஓட்டல் என்று ஒவ்வொரு நாளும் அவர் காட்டும் கவனம் நமக்கு வியப்பளிக்கும். நாற்று நலிந்துவிட்டால் பின்னர் வயலில் எவ்வளவு உரமிட்டாலும் ஈடு செய்ய இயலாது என்பதை அவர் அறிவார். ஆனால் மனிதப் பயிரின் நாற்றங்காலைக் காப்பதற்கு மட்டும், 'யாராவது ஒருவர் கூட இருந்தால் போதும்' என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

படிப்பு முடிந்தபின் குழந்தைகள் மையம் ஒன்றில் பணிபுரிய விரும்புகிறேன் என்று நான் சொன்னபோது, "ஆயா வேலைக்கு எதற்கு பி.ஏ.?" என்று தோழியர் சிலர் கேட்டனர். கேலியாகக் கேட்டதுதான்; எனினும் விடை சொல்லத் தகுந்த கேள்வி. முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத் தொழிலாளர் நிறைந்த ஓர் ஊரில் என் சித்தி அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறார். கல்லூரி விடுமுறைகளில் அவருக்குத் துணையாக அந்த மையத்துக்குச் சென்று வருகிறேன். அங்கே கண்டதையும், இப்பணி பற்றிப் படித்தறிந்ததையும் கொண்டு அக்கேள்விக்கு விடை கூற முயல்கிறேன்.

பணி தோன்றிய வரலாறு

தாய்மடியே குழந்தைக்கு முதற்பள்ளி என்பர். அப்படியிருக்க, பிள்ளை வளர்ப்பு வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு தொழிலாக மாறியது எவ்வாறு?

ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரோபெல் தாம் நடத்திய சிறுவர் பள்ளிக்கு 1840இல் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், எனப் பெயரிட்டார். மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளே அவருடைய முதல் மாணாக்கர். மார்கரெட் மக்மில்லன் அம்மையார் 1914இல் இலண்டனின் டெட்ஃபோர்டு பகுதியில் திறந்தவெளி மழலையர் பள்ளி அமைத்ததும் நெருக்கடியான ஏழைக் குடியிருப்பின் குழந்தைகளுக்காகத்தான். ஆகவே மழலையர் பள்ளி என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் அலங்காரமாகத் தோன்றியதன்று. அது உழைக்கும் தாயின் தேவையிலிருந்தும் பிறந்ததாகும்.

மாண்டிசோரி அம்மையார் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று நம் சென்னை அடையாற்றுக்கே வந்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆயினும் அம்முறைக்குரிய கருவிகள் விலை மிக்கவை. அவற்றை நம் நாட்டுக் குடிசைகளுக்கு ஏற்ப மாற்றிய பெருமை கிஜுபாய் பதேகா, தாராபாய் மோடக் போன்றோரைச் சாரும்.

தாராபாய் அம்மையார் மகாராட்டிரத்தின் கோஸ்பாடு பகுதியில் பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். பால்வாடியைத் தேடிக் குழந்தைகள் வரவில்லை என்று கண்டதும், பால்வாடியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டு போனார். முற்றத்துக்கு அங்கே 'அங்கன்' என்று பெயர். 'அங்கன்வாடி' என்னும் சொல் அவ்வாறு எழுந்ததே. அம்மையார் மற்றோர் உண்மையையும் கண்டார். பள்ளிக்கு வர வேண்டிய பெரிய பிள்ளைகள் வீட்டில் தம்பி தங்கையரைச் சுமந்துகொண்டிருந்தார்கள். எனவே தொட்டில் குழந்தைகள் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் இணைத்து 'விகாஸ்வாடி' என்னும் அமைப்பை உருவாக்கினார். இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் கரையைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

மீனா சுவாமிநாதன் அம்மையார் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளி செல்லும் வயதுக்கு முற்பட்ட குழந்தைகளின் வளர்ச்சி பற்றி 1972இல் அறிக்கை அளித்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழகத்தில் 1980 முதல் உலக வங்கியின் உதவியுடன் நடந்த ஊட்டச்சத்துத் திட்டம், மாதந்தோறும் குழந்தையை எடைபோட்டு வரைபடத்தில் குறிக்கும் வழக்கத்தைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது 1982 ஜூலை 1ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 2 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளையும் தன் வரம்பில் கொண்டது. ஊர்தோறும் மையம், மையந்தோறும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பல்லாயிரம் பெண்களுக்கு அது வேலை தந்தது. கணவரை இழந்தோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் அதில் முன்னுரிமை அளிக்கப்பட்டது.

நம் கரையின் நிலை

தூத்துக்குடி என்றதும் முத்தும் துறைமுகமும் நினைவுக்கு வருகின்றன. முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நின்றுபோயிற்று. உப்பு நிற்கவில்லை. வேப்பலோடை முதல் ஆறுமுகநேரி வரை பரந்த அளங்களில் வடகிழக்குப் பருவமழை நீங்கிய மாதங்களெல்லாம் வேலை நடக்கிறது. உச்சி வெயிலில் உப்புப் பாத்தியின் வெண்மை கண்ணைப் பறிக்கும். ஆகவே விடியுமுன்னரே வேலை தொடங்கிவிடும். வாருபலகை பிடிப்பவரும், உப்பைச் சுமந்து அம்பாரம் சேர்ப்பவரும் இருட்டிலேயே வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். இம்மக்களின் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' என்னும் புதினமாக 1979இல் தந்தார். மீன் ஏலம் எடுத்துத் தலைச்சுமையாய் விற்கும் பெண்களும், இறால் உரிக்கும் கூடங்களுக்குச் செல்லும் பெண்களும் இவ்வாறே அதிகாலையில் கிளம்புபவர்கள்.

தாய் நான்கு மணிக்குப் புறப்படுகிறாள். அங்கன்வாடி திறப்பதோ ஒன்பது மணி அளவில். இடையில் உள்ள ஐந்து மணி நேரம் குழந்தை யார் கையில் இருக்கிறது? பாட்டி இருந்தால் பாட்டி, இல்லையேல் அக்காள். அந்த அக்காளுக்கு வயது பத்தோ பன்னிரண்டோ இருக்கும்.

தொடக்கப்பள்ளியில் என்னுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த தோழி ஒருத்தி கணக்கில் என்னைவிட வல்லவள். நாங்கள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அவளுக்குத் தம்பி பிறந்தான். தாய் அளத்து வேலைக்குத் திரும்பியதும் அவள் முதலில் தாமதமாக வந்தாள், பிறகு வாரத்தில் இரண்டு நாள் வந்தாள், பிறகு வரவேயில்லை. அவளை யாரும் பள்ளியை விட்டு நீக்கவில்லை. தம்பியைப் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாததால் அவளுடைய கல்வி நின்றது. இன்று அவளும் அளத்தில்தான் வேலை செய்கிறாள்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றது. 1976இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம், ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர் கொண்ட நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் பத்துப் பேர், பதினைந்து பேர் என நாட்கூலிக்கு வேலை நடக்கும் சிறு அளங்களில் தலைகளை எண்ணினால் இந்த எண்ணிக்கை எங்கே எட்டும்?

இத்துறைமுகத்திலிருந்து கப்பலேறி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர்க்கும் இதே இடர் இருந்தது. அங்கே கொழுந்தெடுக்கும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்துக்குப் 'பிள்ளைக் காம்பரா' என்று பெயர். தொடக்கத்தில் ஓர் ஆயம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பின்னாளில் அதே இடங்களுக்குப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்தார்கள். வேலை செய்யும் இடத்துக்கு அருகில், வேலை நேரத்துக்கு ஏற்ப, பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பது நடக்கக்கூடியதே என்பதற்கு இது சான்று.

முத்துக் குளிக்கும் காலத்தில், கடலில் மூழ்குபவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிக்கும் பொறுப்பை அவன் மைத்துனனிடம் தருவது வழக்கம் என்று இக்கரையில் சொல்வார்கள். தமக்கை தாலியறுப்பதை விரும்பாதவன் கயிற்றை நழுவ விடமாட்டான் என்பது கருத்து. கயிறு பிடிப்பவன்மேல் நம்பிக்கை இருந்தால்தான் குளிப்பவனால் ஆழத்துக்குப் போக இயலும். குழந்தைகள் மையப் பணியாளரும் அவ்வாறு கயிறு பிடிப்பவரே. தாய் அமைதியாக வேலை செய்வதும், அக்காள் பள்ளிக்குப் போவதும் அந்தக் கையின் உறுதியைப் பொறுத்தவை.

பள்ளி நாள்களில் என் சித்தி எட்டரை மணிக்கே மையத்தின் கதவைத் திறந்துவிடுவார். எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இடுப்பில் தம்பியுடன் மூச்சிரைக்க ஓடி வருவாள். "ஏட்டி, பிள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டு ஓடு, மணி அடிச்சிரப் போவுது" என்பார் சித்தி. அந்த அரைமணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் அச்சிறுமியின் வருகைப் பதிவேட்டில் அது ஏறுகிறது.

பணியாளர் அறிய வேண்டுவன

அன்பு இருந்தால் போதாதா என்று கேட்கலாம். அன்பு வேண்டும், ஆனால் கண்ணும் கணக்கும் இல்லாத அன்பு பிள்ளையைக் காக்காது.

முதலாவது உடல். பிறக்கும்போது ஏறக்குறைய 3 கிலோ இருக்கும் குழந்தை ஐந்து மாதத்தில் இருமடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் வளர வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே உணவு. மாதந்தோறும் எடை பார்த்து வரைபடத்தில் குறிப்பதன் பயன், நோய் கண்ணுக்குத் தெரியுமுன் கோடு அதைக் காட்டிவிடும் என்பதே. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவை நாடாவால் அளப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஊட்டக்குறைவு, 11.5க்கும் குறைந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய கடும் நிலை. கொழுகொழுவென்று தோன்றும் கால் வீக்கத்தைச் சதை என்று எண்ணி ஏமாறாமல், விரலால் அழுத்திப் பார்க்கவும் தெரிய வேண்டும்.

வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கும். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்ப்பது வீட்டு முறை. உப்பு கூடினால் அதுவே தீங்கு. நலவாழ்வு மையத்தில் தரும் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைப்பதே மிகவும் நன்று. உப்பைப் பற்றி இன்னொரு செய்தி. அளத்திலிருந்து கையோடு எடுத்து வரும் உப்பையே சமையலுக்குப் போடுவோர் எங்கள் பக்கம் உண்டு. அதில் போதிய அயோடின் இராது. கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைந்தால் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு 2006இல் நாடு முழுவதும் தடை வந்தது. நாட்டுக்கே உப்புத் தரும் ஊரில் இதை வீடுவீடாகச் சொல்வதும் அங்கன்வாடிப் பணியாளரே.

இரண்டாவது வளர்ச்சிப் பருவங்கள். தமிழ் பயிலும் எனக்கு இப்பகுதி மிகவும் பழகியதாகத் தோன்றியது. பிள்ளைத்தமிழ் பாடும் புலவர்கள் பத்துப் பருவம் வகுத்தார்கள் அல்லவா? தலையெடுத்து ஆடும் செங்கீரை ஏறக்குறைய ஐந்தாம் மாதம்; கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம்; தளர்நடையிட்டு வரும் வாரானை ஓராண்டளவில். நிலவைக் காட்டி உடன் விளையாட அழைக்கும் அம்புலியும் அடுத்து வருவதே. மையத்தின் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டவணையும் இதே வரிசையைத்தான் காட்டுகிறது. பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனுக்கும், ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்கும் பிள்ளைத்தமிழ் பாடினர். தெய்வத்தைக் குழந்தையாக்கிப் பாடிய அப்புலவர்கள், குழந்தையை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்க வேண்டும்!

குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்பது வரலாறாக வழங்கும் செய்தி. இன்றைய பணியாளர் ஐந்து வயது வரை காத்திருத்தல் ஆகாது. ஒன்றரை வயதில் நடக்காத, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையைக் கண்டால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை மையங்களுக்கு வருகிறது. குழு வரும் நாளில் எந்தக் குழந்தையை முதலில் காட்ட வேண்டும் என்பது அன்றாடம் பார்ப்பவருக்கே தெரியும். காது கேளாத குழந்தையை 'மந்தம்' என்று ஒதுக்கிவிட்டால் இழப்பு யாருடையது?

மூன்றாவது விளையாட்டு. தமிழக அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர். மூன்று வயதில் பலகை தரவில்லை, எழுதச் சொல்லவில்லை என்று குறைப்படும் பெற்றோர் பலர். பென்சில் பிடிக்கும் வலிமை பிஞ்சு விரலுக்கு மெல்ல மெல்லத்தான் வரும். சிரட்டையில் மணல் அள்ளிக் கொட்டுவதும், சிப்பிகளைப் பெரிது சிறிதெனப் பிரிப்பதும், மாவு பிசைவதும், நூலில் மணி கோப்பதும் எழுத்துக்கும் எண்ணுக்கும் முந்தைய பாடங்கள். எங்கள் மையத்தில் சிப்பிக்குப் பஞ்சமில்லை. ஒரு கூடைச் சிப்பியைக் கொண்டு நிறம், வடிவம், எண்ணிக்கை, கூடுதல் குறைவு என்று ஒரு வாரம் முழுதும் பாடம் நடத்துவார் சித்தி. பிள்ளைகளுக்கு அது பாடமென்றே தெரியாது.

நான்காவது தாயுடன் பேசும் முறை. எடை குறைந்த பிள்ளையின் தாயிடம், "பிள்ளையைக் கவனிப்பதில்லையா?" என்று கேட்டால் அவள் மறுநாள் வரமாட்டாள். "தாயி, போன மாசத்துக்கு இந்த மாசம் எடை ஏறல. காய்ச்சல் கீச்சல் இருந்துச்சா?" என்று சித்தி கேட்பதை நான் கவனித்திருக்கிறேன். குற்றம் சாட்டாமல் காரணம் கேட்கும் அந்த நயம் எந்த நூலிலும் எளிதில் கிடைப்பதன்று.

பணியில் சேரும் வழி

அங்கன்வாடிப் பணிகள் பெண்களுக்கு உரியவை. 2025ஆம் ஆண்டு தமிழக அரசின் அறிவிப்பின்படி பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 25 முதல் 35 வரை வயதும் வேண்டும். கணவரை இழந்தோர்க்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வயது வரம்பு 40. அதே ஊரிலோ அண்மையிலோ வசிப்பவராக இருத்தல் வேண்டும். முதல் பன்னிரண்டு மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம், அதன்பின் ரூ.7,700 முதல் ரூ.24,200 வரையிலான சிறப்புக் காலமுறை ஊதியம்.

இருபது, இருபத்தொரு வயதில் பட்டம் பெறும் நம்மில் இப்பணியை விரும்புவோர்க்கு நான்கைந்து ஆண்டு இடைவெளி இருக்கிறது. அதை வீணாக்க வேண்டியதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மழலைப் பருவப் பேணுகையிலும் கல்வியிலும் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மனையியலில் குழந்தை வளர்ச்சியை மேற்படிப்பாகக் கொள்வோர்க்குக் கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் போன்றவை உள்ளன. தனியார் மழலையர் பள்ளிகளிலும் தொண்டு நிறுவனக் காப்பகங்களிலும் உதவியாளராய்ச் சேர்ந்து கைப்பழக்கம் பெறலாம். தகுந்த பட்டம் உடையோர் தேர்வாணையத்தின் வழியாகக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலராகவும் ஆகலாம்.

இடர்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதிவேடுகள் பல. 2021 முதல் கைப்பேசிச் செயலியிலும் விவரங்களை ஏற்ற வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலையும் இவர்கள் தலையில் விழுவதுண்டு. ஊதியம் உழைப்புக்கு ஈடானதன்று. மத்திய அரசின் திட்டம் இவர்களை 'மதிப்பூதியப் பணியாளர்' என்றே அழைத்து வந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடை பெறும் உரிமை உடையவர்கள் என்று தீர்ப்பளித்தது. மதிப்பு என்பது சொல்லில் மட்டும் இருந்தால் போதாது என்பதை அத்தீர்ப்பு உணர்த்தியது எனலாம்.

நாம் செய்யத் தக்கது

எல்லோரும் இப்பணிக்கு வர வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆனால் பட்டம் பெற்ற ஒருத்தி இப்பணிக்கு வந்தால் அதைத் தாழ்வென்று கருத வேண்டாம். படித்த படிப்பு அங்கே நாள்தோறும் செலவாகிறது. எடைக் கோட்டைப் படிப்பதில், தாயிடம் பேசும் சொல்லில், பாட்டில், கதையில்.

மாணவத் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தாருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உப்பு வாரும் மாதங்களில், பள்ளி நடக்கும் நாள்களில், ஏதேனும் ஓர் அளத்து ஊரில் காலை ஏழு முதல் ஒன்பது வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வோம். அவ்வூரிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் கல்லூரிக்கு வருவோர் முறை வைத்துக்கொண்டால், ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வரும். ஊரிலுள்ள மூத்த தாய் ஒருவர் உடன் இருக்கட்டும். இடத்தையும் பொறுப்பையும் பற்றி ஊராட்சியாரிடமும் மையப் பணியாளரிடமும் முன்னரே பேசி இசைவு பெறுவோம். ஓராண்டு நடத்திவிட்டு, அவ்வூர்ப் பள்ளியின் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேடுகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார்ப்போம். சிறுமியர் பெயருக்கு நேரே எத்தனை நாள்கள் கூடியிருக்கின்றன என்று எண்ணுவோம்.